நோயின் பெயரை மாற்றி எழுதச் சொன்ன தந்தை

மகனை டிஸ்சார்ஜ் செய்யும் நாளில் அவர் என் அறைக்கு வந்தார். கையில் காப்பீட்டு பாலிசிப் புத்தகம். ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார். 'விலக்குகள்' என்ற பகுதியில் மனநோய் என்ற சொல்லின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. "டாக்டர், வயிற்றுக் கோளாறு என்று எழுதித் தர முடியுமா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். பொய் சொல்லிப் பழகாதவர் என்பது குரலிலேயே தெரிந்தது. முடியாது என்றேன். கீழ்த்தளத்தில் நெஞ்சுவலிக்குச் சேர்ந்தவர்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவர் மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பில் கட்டினார்.

அது 2018-க்கு முன்பு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது 2018 மே 29 அன்று. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது அதன் 21(4) பிரிவு. ஆனாலும் நிராகரிப்புகள் நிற்கவில்லை. 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டித் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. எல்லா பாலிசிகளும் 2022 அக்டோபர் 31-க்குள் இதற்கு இணங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கெடு விதித்தது.

சட்டம் இயற்றுபவர்களின் மனம் இந்த விஷயத்தில் எப்படி இளகுகிறது என்பதற்கு அமெரிக்காவின் கதையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். செனட்டர் பீட் டொமெனிச்சி குடியரசுக் கட்சிக்காரர். அவருடைய மகளுக்கு மனச்சிதைவு நோய். பால் வெல்ஸ்டோன் ஜனநாயகக் கட்சிக்காரர். அண்ணன் கடும் மனநோயால் அவதிப்பட்டதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் கைகோத்தார்கள். 1996-இல் வந்த சட்டம் மனநோய்க்கென்று தனியாகக் குறைந்த தொகை வரம்பு வைக்கக் கூடாது என்றது. நிறுவனங்கள் தொகையை விட்டுவிட்டு, இத்தனை முறைதான் மருத்துவரைப் பார்க்கலாம், இத்தனை நாள்தான் மருத்துவமனையில் இருக்கலாம் என்று எண்ணிக்கையில் கைவைத்தன. அந்த ஓட்டையை அடைத்த சட்டம் வர 2008 ஆனது. அதற்குள் வெல்ஸ்டோன் விமான விபத்தில் இறந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பிரதிநிதிகள் சபையில் அதை முன்னெடுத்த பேட்ரிக் கென்னடி தன் இருதுருவ மனநோயையும், ஜிம் ராம்ஸ்டாட் தன் குடிநோயையும் வெளிப்படையாகச் சொன்னவர்கள்.

நோய் கட்சி பார்த்து வருவதில்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வீடுகளிலும் அது இருக்கத்தான் செய்யும்; வெளியே சொல்லத்தான் தயக்கம். அந்தத் தயக்கத்தின் விலையை என் நோயாளிகள் கொடுக்கிறார்கள்.

நம் சட்டத்தில் 'அதே அடிப்படை' என்ற சொற்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் நம் பாலிசிகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் படுக்கை தேவையே இல்லை. மாதாமாதம் மாத்திரை, ஆலோசனை, இடையிடையே ரத்தப் பரிசோதனை என்று வருடக்கணக்கில் போகும் புறநோயாளிச் செலவுதான் அவர்களை நசுக்குகிறது. மருந்து வாங்கக் காசில்லாமல் நிறுத்தி, நோய் முற்றி வார்டில் சேர்ந்த பிறகு காப்பீடு கைகொடுப்பதை எப்படிச் சமம் என்பது? தற்கொலைக்கு முயன்றவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது இதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு. பல பாலிசிகளிலோ 'தனக்குத்தானே விளைவித்த காயம்' இன்னும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது.

தொகுதி எம்.பி.யிடம் சாலைக்கும் குடிநீருக்கும் மனு கொடுக்கிறோம். புறநோயாளி சிகிச்சைக்குக் காப்பீடு கேட்டும் ஒரு மனு கொடுங்கள். உங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள். மறைத்ததையே காரணம் காட்டிப் பின்னால் கைவிரிப்பார்கள். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அதற்கு வேண்டிய சான்றிதழை நான் எழுதித் தருகிறேன், மனச்சிதைவு என்றால் மனச்சிதைவு என்றே.