வாடகை இல்லாத ஸ்டுடியோ

வங்கி ஸ்டேட்மெண்ட் கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் வரவைப் பார்ப்பார்கள். நான் செலவைப் பார்ப்பேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆடிட்டராக 17 வருஷம் உட்கார்ந்ததில் வந்த பழக்கம் இது. பண்ருட்டி முந்திரி வியாபாரிகள், கிளினிக் நடத்தும் டாக்டர்கள், மொத்த மளிகைக் கடைக்காரர்கள் என்று இருந்த என் வாடிக்கையாளர்களோடு கடந்த சில ஆண்டுகளில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. நாளிதழிலோ டிவியிலோ நிருபராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக யூடியூப் சேனலோ இணையதளமோ வைத்துச் செய்தி விமர்சனம் செய்பவர்கள். கடலூரிலும் புதுச்சேரியிலுமாக நான்கு பேரின் கணக்கைப் பார்க்கிறேன். இங்கே நான் சொல்லப்போவது அவர்களில் ஒருவருடைய கதை. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்; எழுத அவரிடம் சம்மதமும் வாங்கிவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் நிருபர். கொரோனா காலத்தில் வேலை போனது. ஒரு போன், ஒரு ஸ்டாண்ட், சட்டையில் குத்தும் மைக், இவ்வளவோடு சேனலை ஆரம்பித்தார். "நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை" என்றுதான் ஒவ்வொரு வீடியோவையும் தொடங்குவார். கணக்கோடு முதல்முறை என் மேஜைக்கு வந்தபோது செலவுப் பக்கத்தில் இன்டர்நெட், பெட்ரோல், எடிட்டிங் பையனுக்குச் சம்பளம் எல்லாம் இருந்தன. ஒன்றை மட்டும் காணவில்லை.

"சார், ஸ்டுடியோ வாடகை எங்கே?"

"அது தெரிஞ்சவர் இடம் மேடம். மாடி சும்மாதான் கிடந்தது. வாடகை வேணாம்னுட்டார்."

"கரண்ட் பில்?"

"அதையும் அவரே கட்டிடுறார்."

"யார் சார் அவர்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பெயரைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் மனை போட்டு விற்பவர்; கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் வேண்டியவர்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. அப்போது இவர் போட்ட வீடியோக்களை நான் ஒன்று விடாமல் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது, எந்த மதகு தூர்வாரப்படவில்லை என்று இடம் இடமாகக் காட்டினார். ஊரில் வேறு யாரும் அவ்வளவு உழைக்கவில்லை. ஆனால் வாய்க்காலை ஒட்டிப் போட்ட ஒரு மனைப்பிரிவு மட்டும் எதிலும் வரவில்லை. அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை மேடம், சத்தியமா" என்றார்.

நான் அவரை நம்புகிறேன். எனக்குக் கவலை தருவதே அதுதான். பத்திரிகையாளர் விலை போவது என்றால் பிரஸ் மீட்டில் கைமாறும் கவர்தான் நமக்கு நினைவுக்கு வரும். நான் பார்த்த கணக்குகளில் அப்படி எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் உதவி. வாடகை வாங்காத மாடி, யாரோ தவணை கட்டும் கேமரா, "அப்புறம் கொடுங்க" என்று நண்பர் தந்த கைமாத்து. வாங்கியவருக்கு அது நட்பாகத்தான் தெரிகிறது. எந்த இடத்தில் கேமராவைத் திருப்பக் கூடாது என்பதை மனசு தானாகவே கற்றுக்கொண்டுவிடுகிறது.

பழைய நிறுவனத்தில் இவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. விளம்பரப் பிரிவு தனி, செய்திப் பிரிவு தனி. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தரச் சொல்லி சிறிய ஊர் நிருபர்களை நெருக்கியதும் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்ற கவலை நிருபரின் தலையில் இல்லை. இன்று நிருபர், ஆசிரியர், விளம்பர மேலாளர், கல்லாப்பெட்டி எல்லாமே ஒரே ஆள். காலையில் ஒரு மருத்துவமனையின் விளம்பரப் பாக்கிக்குப் போன் செய்கிறார். மாலையில் அதே மருத்துவமனையைப் பற்றி ஒரு புகார் வருகிறது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த மாலை அவருக்குக் கஷ்டமான மாலைதான்.

வருமானம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நீள வீடியோவில் ஓடும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் சேனலுக்கு, மீதி யூடியூபுக்கு. சிங்கப்பூரில் உள்ள கூகுள் நிறுவனத்திலிருந்து மாதா மாதம் 21 தேதிக்கு மேல் வங்கிக்கு வரும். கலவரம், கள்ளச்சாராயச் சாவு போன்றவற்றைப் பேசினால் வீடியோவுக்குப் பக்கத்தில் மஞ்சள் டாலர் குறி விழலாம். விழுந்தால் விளம்பரம் குறையும். மரக்காணம் பக்கம் 2023 மே மாதத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் இறந்ததைப் பற்றி ஊர் ஊராகப் போய் எடுத்த வீடியோவில் பெட்ரோல் காசுகூடத் திரும்பவில்லை என்று இன்னொரு வாடிக்கையாளர் சொன்னார். கட்சிச் சண்டையை உட்கார்ந்த இடத்திலேயே அலசிய வீடியோ அதைவிடப் பல மடங்கு சம்பாதித்தது. ஊரில் யாருமே அழுத்தம் தராவிட்டாலும், எதைப் பேச வேண்டும் என்பதை இந்தக் கணக்கு மெல்ல மாற்றிவிடும்.

இந்தப் பணம் போதாமல்தான் உள்ளூர் பணம் உள்ளே வருகிறது. நேரான விளம்பரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நகைக்கடையோ, அட்மிஷன் சீசனில் கல்லூரியோ பில் வாங்கிக்கொண்டு பணம் தருகிறார்கள். விளம்பரம் என்று பார்ப்பவருக்கும் தெரிகிறது. பில்லில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதச் சொல்லும் பணத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

ஆடிட்டர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது சுலபம். விளம்பர வேலைக்குப் பணம் தருபவர் தனிநபருக்கு 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். தொழில்முறை ஆலோசனை என்றால் 10 சதவீதம். அந்த விவரம், நம் பான் எண்ணுக்குப் பிடித்த வரியைக் காட்டும் வரித்துறை அறிக்கையில், பிடித்தவர் பெயரோடு வந்துவிடும். ஒரு வாடிக்கையாளரின் அறிக்கையில், பேர் கேள்விப்படாத ஒரு ஆலோசனை நிறுவனம் மாதம் தவறாமல் 10 சதவீதம் பிடித்திருந்தது. அவர்களுடைய ஜிஎஸ்டி எண் 34 என்று ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர் யாருக்கும் தெரியும். போட்டுப் பார்த்தேன். கடலூர் அரசியலைப் பேசும் ஒரு சேனலுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு அரசியல் பிரமுகரின் உறவினர் மாதச் சம்பளம் போலப் பணம் தந்துகொண்டிருந்தார். "என்ன ஆலோசனை சொன்னீங்க சார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டிய பணம்தான் அது, சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அச்சுப் பத்திரிகைக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மார்ச் மாதமும் 'படிவம் 4' என்ற தலைப்பில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் வரும். உரிமையாளர் யார், வெளியிடுபவர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்று அதில் அறிவிக்க வேண்டும். படித்தவர்கள் குறைவு. ஆனால் கேள்வி கேட்க நினைத்தவருக்குப் பதில் அங்கே இருந்தது. யூடியூப் சேனலுக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. 1978 சட்டப்படி அமைந்த பிரஸ் கவுன்சில், பத்திரிகைகளையும் செய்தி நிறுவனங்களையும்தான் விசாரிக்கும். அந்தக் கவுன்சிலே 2009 தேர்தலுக்குப் பிறகு, காசுக்குச் செய்தி போடுவது பற்றித் தன் துணைக் குழு தயாரித்த முழு அறிக்கையை உடனே வெளியிடவில்லை. மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2011-ல்தான் அது வெளியே வந்தது. தேர்தல் நேரத்தில் மாவட்டம்தோறும் கண்காணிப்புக் குழு போடுகிறார்கள். தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கிவிடும் மாதாந்திர 'ஆலோசனை' அதன் கண்ணில் படாது.

புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் நினைவுக்கு வரும். 1908-ல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான புதுச்சேரிக்கு வந்து அதை நடத்தினார்கள். அங்கே அச்சடிக்க ஆங்கிலேயரால் தடை போட முடியவில்லை. இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையாமல் தடுத்தார்கள். வாசகர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் இருந்ததால் 1910-ல் இதழ் நின்றுபோனது. பணம் வரும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தால், அதை அடைப்பவர் கையில் பேனாவும் போய்விடுகிறது என்பதை என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் அவர்களிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். யாராக இருந்தாலும் ஒருவர் தரும் பணம் ஆண்டு வரவில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. இந்த அளவை எந்தச் சட்டமும் சொல்லவில்லை, என் அனுபவத்தில் நான் வைத்தது. அந்த ஒருவர் நாளைக்கே நிறுத்தினாலும் எடிட்டிங் பையனுக்குச் சம்பளம் கொடுக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். இலவசமாக வருவதையும் ரூபாயாக மாற்றி இதில் சேர்க்க வேண்டும். தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பரிசோ சலுகையோ தந்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலை 1 முதல் சட்டமே இருக்கிறது. வரித்துறை வருமானமாக எண்ணுவதை நாம் நட்பு என்று எழுதிவைப்பது சரியில்லை.

பார்வையாளர்கள் அனுப்பும் 50, 100 ரூபாய்தான் நல்ல பணம் என்று நினைக்கிறேன். தொழிலுக்காக வருவதால் அதற்கும் வரி உண்டு, அன்பளிப்பு என்று விட்டுவிட முடியாது. புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பாரிஸில் இருக்கும் மாமா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், அவர் ஆசையாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டுப் பணம். மின்னணு வழியில் செய்தி, நடப்பு நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனங்களும் அவற்றின் ஆசிரியர், உரிமையாளரும் அதை வாங்கக் கூடாது என்று வெளிநாட்டு நன்கொடை பற்றிய 2010 சட்டம் சொல்கிறது. தனி ஆளாக நடத்தினாலும் வாங்காதீர்கள். இந்தியக் குடிமகனாகவே அங்கே வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வேறு.

பார்ப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிடித்த சேனலில் ஒரு மாதம் அவர் யாரைத் திட்டினார் என்று பார்க்காதீர்கள், உங்கள் ஊரே பேசிய எந்த விஷயத்தை அவர் தொடவில்லை என்று பாருங்கள். பிறகு கமெண்டில் மரியாதையாகவே கேளுங்கள்: "சார், போன வருஷம் உங்களுக்கு யார் யார் பணம் கொடுத்தாங்க?" நேர்மையானவருக்கு இந்தக் கேள்வி கோபம் தராது.

வெள்ளத்தில் நின்று வீடியோ எடுத்தவர் போன ஏப்ரலில் புது ஸ்டேட்மெண்டோடு வந்தார். வரவு முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தது. நான் வழக்கம்போலச் செலவுப் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சிறிய அறைக்கு மாதம் 4,500 ரூபாய் வாடகை, கரண்ட் பில் தனியாக. மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்புறம் போனைத் திருப்பி, அன்று காலையில் ஏற்றிய வீடியோவின் முகப்புப் படத்தைக் காட்டினார். வாய்க்கால் ஓரத்தில் நட்ட மனைக் கற்கள் வரிசையாகத் தெரிந்தன.