நீல வெளிச்சத்துக்கு ஏன் முப்பது ஆண்டு?

எல்.இ.டி. பல்பு ஒன்றின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மஞ்சள் பொட்டுகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் இருப்பது நீல ஒளி தரும் ஒரு துணுக்கு. அந்த நீலத்தில் ஒரு பங்கை மேற்பூச்சு மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்.இ.டி. 1962-இலேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலமோ 1993 வரை வரவில்லை.

குண்டு பல்பில் இழை பழுக்கக் காய்ந்துதான் ஒளி வரும். மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணாகும். எல்.இ.டி.யில் எலெக்ட்ரான் மிகுந்த அடுக்கு ஒன்று, எலெக்ட்ரான் இல்லாத ‘துளைகள்’ கொண்ட அடுக்கு ஒன்று. எலெக்ட்ரான் துளைக்குள் விழும்போது இழக்கும் ஆற்றல் நேரே ஒளியாகிறது. சிவப்புக்குச் சிறிய பள்ளம் போதும். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் என்பதால் ஆழமான பள்ளம் வேண்டும். அப்படிப்பட்ட பொருள்தான் காலியம் நைட்ரைடு. ஆனால் அதை நல்ல படிகமாக வளர்ப்பது பெரும்பாடு.

ஜப்பானின் தொகுஷிமாவில், டியூப் லைட்டுக்கான ஒளிர்பொடி தயாரித்துவந்த நிச்சியா நிறுவனத்தில் 1979-இல் சேர்ந்தவர் ஷுஜி நகமுரா. 1988-இல் நீல எல்.இ.டி. ஆய்வில் இறங்கினார். அப்போது ஆய்வாளர் கூட்டமெல்லாம் துத்தநாக செலினைடு என்ற வேறொரு பொருளின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவருக்கோ முனைவர் பட்டம் வேண்டும். அதற்குக் கட்டுரைகள் வெளியிட வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத காலியம் நைட்ரைடில் எதை எழுதினாலும் புதிதாக இருக்கும் என்பதுதான் தம் கணக்கு, அதில் நீலம் கிடைக்கும் என்று தாமே நம்பவில்லை என்று பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

காலையில் படிகம் வளர்க்கும் உலையைப் பிரித்து மாற்றியமைப்பார். மதியம் படிகம் வளர்ப்பார். ஒன்றரை ஆண்டு இப்படியே ஓடியது. சுமார் 1000 டிகிரி சூட்டில், பக்கவாட்டில் விட்ட வாயு அடித்தளத்தில் படியாமல் மேலே எழும்பிவிடும். மேலிருந்து இன்னொரு வாயுவைச் செலுத்தி அதை அமுக்கினார். படிகம் ஒழுங்காகப் படிந்தது.

அடுத்த சிக்கல் துளைகள். அவற்றை உண்டாக்க மக்னீசியம் சேர்த்தும் பலனில்லை. மக்னீசியம் கலந்த படிகத்தின் மீது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் துளைகள் வேலை செய்வதை நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகாசாகியும் அமானோவும் 1989-இல் காட்டினார்கள். காரணம் பிடிபட்டது பிறகுதான். படிகம் வளர்க்கப் பயன்படும் அம்மோனியாவிலிருந்து பிரியும் ஹைட்ரஜன், மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. நகமுரா படிகத்தை நைட்ரஜனில் 700 டிகிரிக்கு மேல் சுட்டார். ஹைட்ரஜன் கழன்றது. கற்றையே தேவைப்படவில்லை. சமையலறை வேலை போலத் தோன்றும் இந்தச் சூடேற்றல்தான் தொழிற்சாலை உற்பத்திக்கு வழி திறந்தது.

2014-இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்தப் படிகத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் நூறு கோடி அணு வரிசைப் பிசகுகள் இருந்தன. பாடப்புத்தகத்தின்படி அது ஒளிர்ந்திருக்கவே கூடாது.