பதிவுத்தபாலைச் சாமித்தட்டில் வைக்காதீர்கள்

போன மாதம் வந்த ஒரு தம்பி, பையிலிருந்து பதிவுத்தபால் உறையொன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிரிக்கவே இல்லை. ஓரத்தில் விபூதி ஒட்டியிருந்தது.

"சாமித்தட்டுல வச்சிருந்தோம் மிஸ். சங்கத்துல பேசி முடிச்சிருவாங்கன்னு சொன்னாங்க."

முத்திரையைப் பார்த்தேன். தபாலில் சேர்த்து 41 நாள்.

ஹட்டனில் தொழில் வழக்குப் பார்க்கிற எனக்கு, ஸ்ட்ரைக்கில் இறங்கிய அரசாங்க ஊழியருக்கு வேலை போனதாகச் சொல்லும் உறைகளில் இது முதலாவது அல்ல. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஸ்ட்ரைக் எங்க உரிமை, விசாரணை வைக்காம நிப்பாட்ட முடியாது." சரி, தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் ஸ்ட்ரைக் நேரத்தில் அரசாங்கம் உங்களை வேலைநீக்கம் செய்யவே போவதில்லை. வேலைநீக்கம் என்றால் குற்றப்பத்திரம், விசாரணை, பதில் சொல்ல அவகாசம் எல்லாம் வேண்டும். அரசாங்கம் கையில் எடுப்பது தாபனக் கோவையை, அதாவது அரச ஊழியர்களுக்கான விதிக்கோவையை: லீவு பெறாமல் வராதவர் பதவியை விட்டு விலகியவராகக் கருதப்படுவார். உங்களை யாரும் அனுப்பவில்லை, நீங்களே போய்விட்டீர்கள்! தானாகப் போனவருக்கு எதற்கு விசாரணை? ஒரே கடிதத்தை எத்தனை ஆயிரம் பேருக்கும் அனுப்பலாம்.

அனுப்பியும் இருக்கிறார்கள். 1980 ஜூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு இறங்கியவர்களை ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் இப்படித்தான் 'விலகியவர்' ஆக்கியது. ஏறத்தாழ 40,000 பேருக்கு வேலை போயிற்று. மலையகத் தலைவர் தொண்டமான் அப்போது அமைச்சர், அவருடைய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) அதில் இறங்கவில்லை. அதனாலோ என்னவோ, மலையகத்தில் அது கொழும்புக் கதையாகவே நின்றுவிட்டது. இன்று தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் பாடசாலையிலும் தபாலிலும் ஆஸ்பத்திரியிலும் அரசாங்க வேலை பார்க்கிறார்கள், அந்தக் கடிதம் இனி நம் வீட்டுக்கும் வரும். 2024 ஜூலையில் ரயில் நிலைய அதிபர்களுக்கும் அதே வசனம்தான்: நண்பகலுக்குள் வராவிட்டால் விலகியதாகக் கருதுவோம்.

போராடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இறங்குமுன் வர்த்தமானியைப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உங்கள் சேவை அத்தியாவசியமென்று அறிவிக்கப்பட்டால், வராமலிருப்பதே குற்றம். அடுத்தவரை வராதே என்று தூண்டுவதும் குற்றம். வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போடும் வீரர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கவும். அப்புறம், காய்ச்சல் இல்லாமல் மருத்துவச் சான்றிதழ் வாங்காதீர்கள். ஒரே டாக்டர், ஒரே நாள், ஒரே வயிற்றோட்டம், யார் நம்புவார்கள்?

கடிதம் வந்தால் அன்றைக்கே பிரியுங்கள், தயவுசெய்து. வராததற்கான காரணத்தை எழுதிப் பதிவுத்தபாலில் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். பிரதியும் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போக உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மாதம். சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்காக அந்த மாதம் காத்திருக்காது. அரசாங்கத் திணைக்கள ஊழியர்கள் வேலைநீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபைக்கு ஓடுவதில் பயனில்லை, அந்தக் கதவு உங்களுக்கு இல்லை. அங்கே மனுப்போட்டு அரை வருடத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு அந்த ஒரு மாதம் போய்விட்டது. மேன்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்கள் உறையை வீசிவிடாமல் கொண்டு வாருங்கள். கடிதத்தில் போட்ட திகதியும் தபாலில் சேர்த்த திகதியும் சில வேளை ஒன்றாக இருப்பதில்லை.