'டயட்' நாடாளுமன்றம் ஆகுமா?

நண்பர் ஒருவர் தான் மொழிபெயர்த்த குறுநாவலை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார். மாற்று வரலாற்றுக் கதை. புனித ரோமப் பேரரசில் 1495-இல் தொடங்கிய சீர்திருத்தம் தோற்காமல் நிலைத்திருந்தால் ஜெர்மானிய நாடுகள் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கரு. முதல் பக்கத்திலேயே 'வோர்ம்ஸ் நகரில் நாடாளுமன்றம் கூடியது' என்று இருந்தது. பென்சிலால் அடித்து, ஓரத்தில் 'பேரவை' என்று எழுதினேன். திருத்திய படி திரும்பி வந்தபோது மறுபடியும் 'நாடாளுமன்றம்'. பக்கத்தில் ஒரு குறிப்பு: "வாசகருக்கு இதுதானே புரியும்." இந்தப் பதிலைப் பல மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'டயட்'. அந்தப் பேரரசின் சிற்றரசர்களும் நகரங்களும் கூடிப் பேசிய அவைக்கு அதுதான் பெயர். இதை 'உணவுமுறை' என்று போட்டு, மதச் சீர்திருத்தவாதி லூதர் 1521-இல் 'புழுக்களின் உணவுமுறை' முன் நிறுத்தப்பட்டதாக எழுதும் இயந்திர மொழிபெயர்ப்பும் உண்டு. வோர்ம்ஸ் என்ற ஊர்ப்பெயர் அதற்குப் புழுவாகிவிடுகிறது. அந்தத் தவறு தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை விடுவோம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'டயைட்டா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வாழும் முறை என்று பொருள். பத்திய உணவைக் குறிக்கும் 'டயட்' அதிலிருந்து வந்தது. அதே சொல் லத்தீனுக்குப் போனபோது, நாளைக் குறிக்கும் 'டியேஸ்' என்ற லத்தீன் சொல்லின் சாயல் அதன்மேல் ஏறியது. இடைக்கால லத்தீனில் ஒரு நாள் பயணம், ஒரு நாள் வேலை, கூடுவதற்குக் குறித்த நாள் என்றெல்லாம் பொருள் விரிந்து, கடைசியில் கூட்டத்துக்கே பெயராயிற்று. ஜெர்மனிலும் அதே கதைதான். இந்த அவைக்கு அந்த மொழியில் 'ரைக்ஸ்டாக்' என்று பெயர். அதில் 'டாக்' என்றால் நாள், 'ரைக்' என்றால் பேரரசு. கூடிப் பேசுவதற்கு அந்த மொழியில் உள்ள வினையே நாளிலிருந்து பிறந்ததுதான். நமக்கும் இது அந்நியமில்லை. அரசன் பரிசிலர் சூழ வீற்றிருப்பதைச் சங்கப் புலவர்கள் 'நாண்மகிழ் இருக்கை' என்றார்கள். நாளும் அவையும் அங்கேயும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, நாடாளுமன்றத்துக்கு வருவோம். நாடு, ஆளும், மன்றம் என்று பிரித்துப் பாருங்கள். 1495-இன் பேரரசு ஒரு நாடு அன்று. சிற்றரசுகள், பேராயர்களின் ஆட்சிப்பகுதிகள், மடங்கள், தன்னுரிமை நகரங்கள் என நூற்றுக்கணக்கான துண்டுகள். அவற்றை ஆண்டவர்கள் கூடினார்கள், ஆனால் கூடிய இடம் ஆளவில்லை. எடுத்த முடிவை ஊருக்குப் போய் நிறைவேற்ற வேண்டியவர்களும் அவரவரே. விருப்பமில்லாதவர் நிறைவேற்றமாட்டார். மூன்றாவது 'மன்றம்'. எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து கைதூக்கி வாக்களிக்கும் காட்சி அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. நடந்தது அப்படியல்ல. அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றவர்கள் ஒரு குழு, மற்றச் சிற்றரசர்கள் ஒரு குழு, நகரங்கள் ஒரு குழு. மூன்றும் தனித்தனியே பேசி, முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிக்கட்டும். பெரிய சிற்றரசருக்குத் தனி வாக்கு. சிறிய பிரபுக்களும் மடத்தலைவர்களும் பலர் சேர்ந்து ஒரு வாக்கைப் பங்கிட்டுக்கொள்வார்கள். நகரங்களின் வாக்குக்கு முழு மதிப்பு 1648-இல்தான் உறுதியானது. மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. மதம் பற்றிய விவகாரம் என்றால், 1648-க்குப் பிறகு பெரும்பான்மை வாக்கே செல்லாது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் இரண்டு அணியாகப் பிரிந்து உடன்பாடு பேசவேண்டும்.

இவ்வளவையும் 'நாடாளுமன்றம்' என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது. வாசகருக்குப் புரிவது உண்மைதான், ஆனால் தப்பாகப் புரிகிறது.

மாற்று வரலாற்றுக் கதையில் இந்தத் தவறு இன்னும் மோசம். 1495-இல் அரசர் மாக்சிமிலியன் வோர்ம்ஸுக்கு வந்தது பணம் கேட்க. துருக்கியரையும் இத்தாலியில் பிரெஞ்சுக்காரரையும் எதிர்க்கப் படை வேண்டும். மைன்ஸ் பேராயர் பெர்த்தோல்ட் ஃபான் ஹென்னபெர்க் தலைமையில் கூடியவர்கள், பணம் வேண்டுமானால் சீர்திருத்தம் வேண்டும் என்றார்கள். ஒருவர்மேல் ஒருவர் பகைப்போர் தொடுப்பதற்கு என்றைக்குமாகத் தடை வந்தது. பேரரசுக்கென்று ஒரு நீதிமன்றம் வந்தது. பேரவை ஆண்டுதோறும் கூட வேண்டும் என்ற ஏற்பாடும், 'பொதுக்காசு' என்ற வரியும் வந்தன. அந்த வரியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆயிரம் கில்டர் சொத்துள்ளவர் ஒரு கில்டர், ஐந்நூறு உள்ளவர் அரை கில்டர். அதற்குக் கீழே இருப்பவர்களில் 15 வயதைக் கடந்த 24 பேர் சேர்ந்து ஒரு கில்டர். வசூலிக்கப் பேரரசிடம் ஆளில்லை, பங்குச் சாமியார்கள்தான் வாங்கவேண்டும். வந்த பணம் போதவில்லை. 1500-இல் அமைத்த 20 பேர் கொண்ட ஆட்சிக்குழு நூரம்பெர்க்கில் உட்கார்ந்து பார்த்தது. பணமும் இல்லை, மாக்சிமிலியனின் ஒத்துழைப்பும் இல்லை. 1502-இல் கலைந்தது. பெர்த்தோல்ட் 1504-இல் இறந்தார்.

கதாசிரியர் இந்த இடத்தில்தான் தடம் மாற்றுகிறார். வரி ஒழுங்காக வசூலாகிறது, ஆட்சிக்குழு நிலைக்கிறது, ஆண்டுதோறும் கூடும் பேரவை மெல்ல மெல்ல நாடாளுமன்றமாக வளர்கிறது. கதையின் உயிரே அந்த வளர்ச்சி. முதல் பக்கத்திலேயே அதை நாடாளுமன்றம் என்று எழுதிவிட்டால், நூறு பக்கம் தள்ளி 'நாடாளுமன்றம் நாடாளுமன்றம் ஆயிற்று' என்றா எழுதுவது? கேள்வியைக் கேட்கும் முன்பே விடையைப் பெயராகச் சூட்டிவிடுகிறோம்.

'பேராயம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அரசனுக்குத் துணைநின்ற எட்டுக் குழுக்களை எண்பேராயம் என்ற பழைய வழக்கு இருப்பதால் அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இன்று பேராயர் என்றால் தலைமை ஆயர், பேராயம் என்றால் அவருடைய மறைமாவட்டம் என்பதே பலருக்கும் தோன்றும். 'மைன்ஸ் பேராயர் பேராயத்துக்கு வந்தார்' என்றால் ஊர் திரும்பினார் என்றல்லவா ஆகும்! 'அரசவை'யும் கூடாது. அது அரசனுடைய அவை. முன்பு பேரரசர்கள் தங்கள் ஆட்களை அழைத்து நடத்திய 'ஹோஃப்டாக்'குக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். ரைக்ஸ்டாக் என்ற பெயர் வழக்குக்கு வருவதே 1495 வாக்கில்தான். அப்போது கூடியவர்கள் அரசருக்கு எதிர்த்தரப்பாக நின்று பேரம் பேசினார்கள். 'பேரரசரும் பேரரசும்' என்று ஜெர்மானியர் இரண்டையும் தனித்தனியாகவே சொல்லிவந்தார்கள்.

ஆகவே பேரவை. முழுப்பெயராக வேண்டுமானால் பேரரசுப் பேரவை. சட்டப்பேரவையோடு குழம்பும் என்பார்கள். இங்கே மாணவர் பேரவை உண்டு, வணிகர் பேரவை உண்டு. யாரும் குழம்பியதில்லை. யார் தேர்ந்தெடுத்தார், யார் ஆண்டார் என்று எதையும் முன்கூட்டிச் சொல்லாமல், பெரிய அவை என்று மட்டும் சொல்கிறது. அந்த அடக்கம்தான் இங்கே வேண்டியது. 1663 முதல் 1806 வரை ரெகன்ஸ்பர்க்கில் கலையாமலே இருந்ததற்கு 'நிலையான பேரவை' என்றால் போதும்.

அந்தப் படியில் வேறு சிலவற்றையும் திருத்தினேன். 'வாக்காளர்' என்று வந்த இடமெல்லாம், 1356-இன் பொற்சாசனம் என்ற சட்டப்படி அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற எழுவரில் ஒருவர். 'இளவரசர்' என்று வந்தவர்களில் பலர் நரைத்த தலையோடு தம் நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர்கள். சிற்றரசர் என்ற நம் சொல் எங்கே போயிற்று? கூட்டம் கலையும்போது வாசித்துக் கொடுக்கும் முடிவுத் தொகுப்பு 'இடைவேளை' ஆகியிருந்தது, ஏனென்றால் 'ரிசெஸ்' என்ற சொல்லுக்கு ஆங்கில அகராதியில் முதல் பொருள் அது. பேரரசு நீதிமன்றம் 'ஏகாதிபத்திய நீதிமன்றம்'. ஏகாதிபத்தியம் என்றால் தமிழில் ஆதிக்கத்தின்மேல் வைக்கும் குற்றச்சாட்டு, அதை ஒரு நீதிமன்றத்தின் பெயரில் ஒட்டலாமா? அகராதியைப் பார்ப்பது மொழிபெயர்ப்பின் தொடக்கம் மட்டும்தான். அந்தச் சொல் யாரைக் குறித்தது, அவர் என்ன செய்தார் என்று ஒரு மணி நேரம் படிக்கக்கூட நேரமில்லை என்கிறார்கள். அப்புறம் வாசகர்மேல் பழி போடுகிறார்கள்.

ஜெர்மன் வரலாற்றில் நாடாளுமன்றம் என்று தயங்காமல் எழுத வேண்டிய ரைக்ஸ்டாக்கும் உண்டு. 1871-இல் உருவான பேரரசில் 25 வயது நிரம்பிய ஆண்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. அதே சொல், வேறு பொருள். அதற்கு வேறு தமிழ்தான் வேண்டும்.

நேற்று மூன்றாம் முறையாக மெய்ப்பு வந்தது. எல்லா இடத்திலும் பேரவை என்று மாற்றிக்கொண்டே போனேன். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், நகரங்களின் பேராளர்கள் சிற்றரசர்களோடு ஒரே கூடத்தில் முதல்முறையாக அமர்ந்து, அடுத்த ஆண்டின் வரியைத் தாங்களே வாக்கெடுத்து முடிவுசெய்கிறார்கள். அங்கே இருந்த 'நாடாளுமன்றம்' என்ற சொல்லை அடிக்கவில்லை.