பஸ்ஸில் சீண்டினால் பஸ்ஸையே ஸ்டேஷனுக்கு விடச் சொல்லலாம்

கூட்டமான டவுன் பஸ்ஸில் ஒரு பெண் "இந்த ஆள் மேல கை வைக்கிறான்" என்று சத்தம் போட்டால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? "நீ முன்னாடி வந்து நில்லும்மா" என்பார் கண்டக்டர். மிஞ்சிப்போனால் அந்த ஆளை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவார். தமிழ்நாட்டில் சட்டப்படி இது போதாது. பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால், பஸ்ஸைப் பக்கத்தில் உள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போய்த் தகவல் கொடுப்பது டிரைவர், கண்டக்டரின் கடமை.

சென்னையில் ஈவ் டீசிங்கால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததை அடுத்து, 1998-இல் மாநில அரசு கொண்டுவந்த சட்டத்தில் உள்ள விதி இது. பெண்ணுக்குத் துன்பம் விளைவித்தலைத் தடைசெய்யும் சட்டம் என்பது அதன் இப்போதைய பெயர். தெரு, பஸ் ஸ்டாப், ரயில் நிலையம், கோயில், தியேட்டர், பூங்கா, கடற்கரை என எல்லா இடமும் இதில் அடக்கம். கல்லூரியிலோ கோயிலிலோ தியேட்டரிலோ நடந்தால், அங்கே பொறுப்பில் இருப்பவர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். "வெளியே தெரிஞ்சா நம்ம காலேஜ் பேர் கெட்டுடும்" என்று அமுக்கப் பார்ப்பது நிர்வாகம் தன் கடமையிலிருந்து நழுவுவதுதான். இந்த விதிகள் பெண்களுக்கே அவ்வளவாகத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் தண்டனை ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதை ஐந்தாண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் என உயர்த்தியது.

இது தவிர, நாடு முழுவதற்கும் பொதுவான குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் இருக்கிறது. ஆபாசமாகப் பேசுவது 75-ஆவது பிரிவிலும், பின்தொடர்ந்து தொல்லை தருவது 78-இலும், சொல்லாலோ சைகையாலோ இழிவுபடுத்துவது 79-இலும் வருகின்றன. பெண் 18 வயதுக்குக் கீழே என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் சேரும். அதில் சிறுமியின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்களே என்று தயங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, புகார் எப்படி? உடனடி உதவிக்கு 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சம்பவம் நடந்த எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மேலே சொன்ன 75, 78, 79-ஆம் பிரிவுக் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணே புகார் சொன்னால், அதை ஒரு பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பஸ் என்றால் வண்டி எண், தடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் அசையவில்லையா, அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். 79-ஆவது பிரிவுப் புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை உண்டு என்கிறது அதே சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவு.