'அரைச்செயல்' ஏவுகணையா, இரவலலை ஏவுகணையா?

மறுபடியும் ஒரு செய்தியில் 'அரைச் செயலில் உள்ள ரேடார் ஏவுகணை' என்று வாசித்தார்கள். மேலூர்ப் பக்கம் டீக்கடையில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், "அது என்ன தம்பி, பாதி ரிப்பேரா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, அந்தத் தமிழ் அப்படித்தான் சொல்கிறது.

ஏவுகணை நல்ல சொல். கணை அம்பு. ஏவுதல் என்றால் செலுத்துவது, கட்டளையிடுவது இரண்டும்தான்; லத்தீன் வழி வந்த மிசைலுக்கு வெறும் எறிபொருள் என்றுதான் பொருள். ரேடார் 1940-இல் அமெரிக்கக் கடற்படை எழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய பெயர், எல்லாருக்கும் பழகிவிட்டது, இருக்கட்டும்.

சிக்கல் ஆக்டிவ், செமி ஆக்டிவ் என்ற ஆங்கிலச் சொற்களில்; செமி ஆக்டிவைத்தான் 'அரைச் செயலில் உள்ள' என்று ஆக்கியிருக்கிறார்கள். இங்கே ஆக்டிவ் என்றால் 'வேலை செய்கிறது' என்று அர்த்தமே இல்லை, ரேடார் அலையை அனுப்புவது யார் என்பதுதான் பேச்சு. ராத்திரி வயலில் நண்டு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்: ஒருவர் வரப்பில் நின்று டார்ச் அடிப்பார், இன்னொருவர் அந்த வெளிச்சத்தில் பிடிப்பார், டார்ச் அணைந்தால் நண்டு போச்சு. செமி ஆக்டிவ் இதேதான். விமானமோ போர்க்கப்பலோ இலக்கின் மேல் அலையை அடித்துக்கொண்டே இருக்கும், பட்டுத் தெறிப்பதைப் பிடித்துக்கொண்டு ஏவுகணை போகும். அமெரிக்காவின் ஸ்பாரோ இந்த வகை. அது போய்ச் சேரும்வரை விமானி தன் ரேடாரை எதிரியை விட்டு எடுக்க முடியாது. ஆக்டிவ் வேறு: நம்முடைய அஸ்திரா ஏவுகணை கடைசிக் கட்டத்தில் தன் ரேடாரையே போட்டுக்கொள்ளும், கையில் சொந்த டார்ச். 1982-இல் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலைத் தாக்கிய எக்ஸோசெட் ஏவுகணையும் அப்படித்தான்.

இதற்குப் போய் 'செயலுறு', 'அரைச்செயலுறு' என்று எழுதுகிறார்கள். அகராதியில் ஆக்டிவுக்கு நேரே இருந்ததை எடுத்து ஒட்டியது, பொருள் எப்படி இயங்குகிறது என்று ஒருதரம் விசாரித்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள். கேட்டால் தூய தமிழ் என்கிறார்கள். தூய தமிழாகவே தப்பாகச் சொன்னால் யாருக்கு என்ன பயன்?

நான் சொல்வது ஆக்டிவுக்குத் தன்னலை ஏவுகணை, செமி ஆக்டிவுக்கு இரவலலை ஏவுகணை. இரவல் கொச்சை என்றார் ஒரு நண்பர். சங்கப் பாட்டிலேயே இரவலர் இருக்கிறார், அப்புறம் என்ன கொச்சை?

இன்னொன்று, தானாக எந்த அலையும் அனுப்பாமல் எதிரி ரேடாரின் அலையைப் பிடித்தே போய் அதை உடைக்கும் வகை. 2020-இல் சுகோய் விமானத்திலிருந்து ஏவிச் சோதித்த ருத்ரம் அப்படிப்பட்டது. அதற்கு 'செயலற்ற' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பகையலை ஏவுகணை என்று எழுதுங்கள்.