மாதத் தொகையைப் பார்த்து காஸ், கரண்ட் கம்பெனியை மாற்றாதீர்கள்

பிரிட்டனில் வீட்டு எரிசக்தி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "இப்ப மாசம் 160 பவுண்டு போகுது. இன்னொரு கம்பெனி 125-க்குத் தர்றதாச் சொல்லுது. மாறலாமா?" இதற்கு அப்படியே பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த 160-உம் விலை இல்லை, 125-உம் விலை இல்லை.

டைரக்ட் டெபிட்டில் மாதாமாதம் போவது, வருடம் முழுவதும் நீங்கள் எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கம்பெனி மதிப்பிட்டு அதைப் பன்னிரண்டாகப் பிரித்த தொகை. கோடையில் தேவைக்கு அதிகமாகக் கட்டுவீர்கள், அது கணக்கில் சேரும். குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓடும்போது கரையும். பழைய பாக்கி இருந்தால் அதையும் இதற்குள்ளேயே சேர்த்துப் பிடிப்பார்கள். புதிய கம்பெனி சொல்லும் 125, உங்கள் வீட்டில் இத்தனை யூனிட்தான் ஓடும் என்று அவர்களாகப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு குறைவாக இருந்தால் தொகையும் குறைவாகத்தான் வரும். சில மாதம் கழித்து மீட்டர் உண்மையைச் சொல்லும்போது தொகையை ஏற்றிவிடுவார்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது உங்கள் பில்லைத்தான். அதில் மூன்று விஷயம் வேண்டும்: வருடத்துக்கு எத்தனை கிலோவாட் மணி செலவாகிறது, ஒரு யூனிட் எத்தனை பென்ஸ், தினக் கட்டணம் எத்தனை பென்ஸ். யூனிட் என்று நாம் சொல்வது ஒரு கிலோவாட் மணியைத்தான். தினக் கட்டணம் என்பது, ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஏறும் தொகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. முதல் கம்பெனி தினக் கட்டணம் 60 பென்ஸ், யூனிட் 24 பென்ஸ். இரண்டாவது கம்பெனி தினக் கட்டணம் 40 பென்ஸ், யூனிட் 26 பென்ஸ். வருடத்துக்கு 1,500 யூனிட் கரண்ட் செலவழிக்கும் இரண்டு பேர் வீட்டுக்கு முதல் கம்பெனியில் 579 பவுண்டு ஆகும், இரண்டாவதில் 536. ஆனால் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து 4,500 யூனிட் ஓடும் வீட்டுக்கு முதலாவது 1,299, இரண்டாவது 1,316. யூனிட் விலை அதிகமான கம்பெனிதான் சின்ன வீட்டுக்கு மலிவு, பெரிய வீட்டுக்கு அது நட்டம். இரண்டும் சமமாகும் இடம் 3,650 யூனிட். விளம்பரத்தில் வரும் சேமிப்புத் தொகை பெரும்பாலும் 'சராசரி வீடு' ஒன்றை வைத்துச் சொல்வது. கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் 2023-இல் அந்தச் சராசரியைக் கரண்டுக்கு 2,700, காஸுக்கு 11,500 கிலோவாட் மணி என்று வைத்தது. உங்கள் வீடு அதற்குப் பக்கத்தில் இல்லையென்றால் அந்தச் சேமிப்பு உங்களுக்கு உரியதல்ல.

சொந்தக்காரர் சொன்னதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். நாடு 14 விநியோகப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, ஒரே கம்பெனியின் ஒரே திட்டத்துக்குக்கூடப் பகுதிக்குப் பகுதி விலை மாறும். லெஸ்டரில் இருக்கும் தம்பிக்கு லாபமாக இருப்பது லண்டனில் இருக்கும் அக்காவுக்கு அப்படியே இருக்காது.

பில்லில் இருக்கும் யூனிட் கணக்கு உண்மையான ரீடிங்கா, மதிப்பீடா என்பதையும் பாருங்கள். காஸ் மீட்டரில் எனக்குத் தனி அக்கறை உண்டு. புதிய மீட்டர்கள் கன மீட்டரில் அளக்கும். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11 கிலோவாட் மணி. பழைய மீட்டர்கள் நூறு கன அடிக் கணக்கில் அளக்கும். நூறு கன அடி என்றால் 2.83 கன மீட்டர். கம்பெனி உங்கள் மீட்டரை எந்த வகை என்று தவறாகப் பதிந்திருந்தால், பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், அல்லது மூன்றில் ஒரு பங்காகும். அந்தத் தவறோடு கம்பெனி மாறினால், தவறு தீருவதற்குப் பதிலாக இரண்டு கம்பெனிக் கணக்கிலும் சிக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் மாறுங்கள். கம்பெனியின் பிழையால் பில் வராமல் போயிருந்தால் 12 மாதத்துக்கு முந்தைய செலவை அவர்கள் உங்களிடம் கேட்க முடியாது என்று விதி இருக்கிறது.

சரி, விலை வரம்புக்கு வருவோம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஃப்ஜெம் அமலுக்குக் கொண்டுவருவது யூனிட் விலைக்கும் தினக் கட்டணத்துக்குமான வரம்பு. செய்தியில் இந்த வரம்பு என்று வரும் வருடத் தொகைக்கு மேல் பில் வராது என்று நம்பி ஹீட்டிங்கை ஓடவிட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. மொத்த பில்லுக்கு வரம்பே கிடையாது, ஓடிய அளவுக்குக் கட்டத்தான் வேண்டும். எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பவர்கள் இந்த வரம்புக்கு உட்பட்ட, மாறும் விலைத் திட்டத்தில்தான் இருப்பார்கள். நிலையான விலைத் திட்டம் ஒன்று அன்றைய வரம்பைவிடக் குறைவாகக் கிடைத்தால், வருமானம் இறுக்கமான வீடுகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். விலை பின்னால் இறங்கினால் கொஞ்சம் நட்டம்தான். ஆனால் ஜனவரியில் திடீரென்று ஏறினால் அந்த வீட்டில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் குளிரில் படிப்பார்கள், அதுதான் பெரிய நட்டம்.

ஏற்கெனவே நிலையான திட்டத்தில் இருந்தால் வெளியேறும் கட்டணம் உண்டா என்று பாருங்கள். காஸுக்கும் கரண்டுக்கும் தனித்தனியாகப் பிடிப்பார்கள். ஒப்பந்தம் முடிய 49 நாள் இருக்கும்போது தொடங்கி அந்தக் கட்டணம் கிடையாது.

மாறாமல் இருங்கள் என்று நான் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. குளிர்காலத்தில் தகுதியுள்ளவர்களுக்குக் கரண்ட் பில்லில் 150 பவுண்டு கழிக்கும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் இருக்கிறது. எல்லாக் கம்பெனியும் அந்தத் திட்டத்தில் இல்லை. சேமிப்பு 60 பவுண்டு என்று திட்டத்தில் இல்லாத சின்னக் கம்பெனிக்குப் போனால் 150 போய்விடும். நம் குடும்பங்களில் நான் அடிக்கடி காண்பது இன்னொன்று: அரசு உதவித்தொகை வாங்குவது அம்மா, பில் இருப்பது மகன் பெயரில். பில்லில் அம்மாவின் பெயர் இல்லாவிட்டால் அந்தத் தள்ளுபடி அவரை வந்து சேராது. ஆங்கிலம் தெரிந்தவர் பெயரில் இருக்கட்டும் என்று செய்தது, வருடா வருடம் பணத்தை இழக்க வைக்கிறது. அம்மா பெயரில் கணக்கை வைத்துக்கொண்டு, மகன் அவர் சார்பில் பேச அனுமதி பதிவு செய்யலாம்.

பாக்கி இருப்பவர்கள் மாறவே முடியாது என்று நினைக்கிறார்கள். சாதாரண மீட்டரில் 28 நாளுக்கு மேற்பட்ட பாக்கி இருந்தால் பழைய கம்பெனி தடுக்கலாம். முன்பணம் போடும் மீட்டரில், காஸுக்கும் கரண்டுக்கும் தனித்தனியே 500 பவுண்டு வரையிலான பாக்கியோடே மாறலாம், பாக்கி புதிய கம்பெனிக்குப் போகும்.

மாறும்போது கரண்ட் நிற்குமா என்ற பயம் வேண்டாம். அதே கம்பி, அதே குழாய், அதே மீட்டர். பில் அனுப்புகிறவர் மட்டும்தான் மாறுகிறார். கரண்ட் போனால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் 105-ஐத்தான் அழைக்க வேண்டும். கம்பெனி மூடிவிட்டாலும் நிலைமை இதுதான். 2021-இலும் 2022-இலும் ஏறக்குறைய 30 கம்பெனிகள் விழுந்தன. வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு கம்பெனிகளுக்கு மாற்றியது, வீடுகளின் கணக்கில் மிச்சமிருந்த பணத்துக்கும் பாதுகாப்பு இருந்தது.

மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். கடைசி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும், மிச்சப் பணம் அதிலிருந்து 10 வேலை நாளுக்குள் திரும்ப வேண்டும். வீட்டில் ஆக்ஸிஜன் கருவியோ டயாலிசிஸோ இருந்தால், முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் பெயரைப் பதியும்படி புதிய கம்பெனியிடம் மறக்காமல் கேளுங்கள்.

கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவர்கள் மட்டும் ஒரு படி நிதானியுங்கள். வீட்டுக்குத் தனி மீட்டர் இல்லாமல் கடையின் வணிக ஒப்பந்தத்தில் ஓடினால், விலை வரம்பும் கிடையாது, கையெழுத்திட்ட பின் மனம் மாற அவகாசமும் கிடையாது. வீட்டு ஒப்பந்தத்துக்கு 14 நாள் அவகாசம் உண்டு. வாசலுக்கு வந்தவரிடமோ போனிலோ அப்பா "யெஸ்" சொல்லிவிட்டார் என்றால், அவரைத் திட்டிக்கொண்டிருக்காமல் அந்த 14 நாளுக்குள் புதிய கம்பெனியைக் கூப்பிட்டு ரத்து செய்யுங்கள்.